தாய்லாந்து அம்மா, இந்தியப் பாஸ்போர்ட்: பிள்ளைகளின் தங்கலை நீட்டிப்பது எப்படி?

கேள்வி: நான் கோயம்புத்தூர்க்காரன். மனைவி தாய்லாந்தைச் சேர்ந்தவர், ஊர் உடோன் தானி. பையனுக்கு 11 வயது, பெண்ணுக்கு 7. இருவரும் கோவையில் பிறந்தவர்கள், இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறார்கள். பாங்காக்கில் எனக்கு வேலை கிடைத்ததால் குடும்பத்தோடு வந்துவிட்டோம். பிள்ளைகள் விசா எடுக்காமல் 60 நாள் முத்திரையில் நுழைந்திருக்கிறார்கள். என் விசாவோடு சேர்த்து டிபெண்டன்டாகப் போட்டுவிடலாம் என்கிறார் ஏஜென்ட். அப்படிச் செய்யலாமா? வேறு வழி உண்டா?

பதில்:

ஏஜென்ட் சொன்ன யோசனைக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். டிபெண்டன்டாகப் போடாதீர்கள். சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது, பலரும் அப்படித்தான் போடுகிறார்கள். ஆனால் உங்கள் பிள்ளைகளுக்கு அதைவிட உறுதியான ஒரு உரிமை இருக்கும்போது அதை விட்டுவிட்டு உங்கள் வேலையோடு அவர்களைக் கட்டிப்போடுவதில் அர்த்தமே இல்லை. டிபெண்டன்ட் என்றால் உங்கள் அனுமதி இருக்கும்வரைதான் அவர்களுக்கும் அனுமதி. கம்பெனி மாறினாலோ வேலை போனாலோ உங்கள் தங்கல் ரத்தாகும், கூடவே பிள்ளைகளுடையதும் போகும். பள்ளி ஆண்டின் நடுவில், தாய்லாந்துக்காரரான அம்மாவின் வீட்டில் இருந்துகொண்டே, "நாட்டைவிட்டு வெளியே போ" என்ற நிலைக்குப் பிள்ளைகள் வந்து நிற்பார்கள். வேலை மாறிய அப்பாக்களின் குடும்பங்களில் இந்தத் தவிப்பைப் பார்த்திருக்கிறேன். உங்கள் பிள்ளைகள் இங்கே தங்குவதற்கான உரிமை அவர்கள் அம்மாவிடமிருந்து வருகிறது. விண்ணப்பமும் அவர் வழியாகவே போகட்டும்.

இனி சட்டம். தாய்லாந்தின் குடிவரவுச் சட்டம் 1979ஆம் ஆண்டுச் சட்டம். வெளிநாட்டவர் ஒருவரின் தற்காலிகத் தங்கலை நீட்டிக்கும் அதிகாரம் அதன் 35ஆம் பிரிவில் இருக்கிறது. யாருக்கு, என்ன காரணத்துக்காக, எவ்வளவு காலம் என்பதை இமிக்ரேஷன் பீரோவின் 327/2557 என்ற உத்தரவு வரிசைப்படுத்துகிறது. 2557 புத்த ஆண்டு, நமக்கு 2014. உங்களுக்குப் பொருந்தக்கூடியவை அதில் இரண்டு.

ஒன்று 2.18. தாய்லாந்துக் குடிமகனின் குடும்ப உறுப்பினர் என்ற பிரிவு. பிள்ளை திருமணமாகாதவராக, 20 வயதைத் தாண்டாதவராக, அந்தப் பெற்றோரோடு ஒரே குடும்பமாக வாழ்பவராக இருக்கவேண்டும். கையில் நான்-இமிக்ரன்ட் விசா, அதாவது சுற்றுலாவுக்கு அல்லாமல் நீண்ட நாள் தங்குவதற்கான விசா, இருக்கவேண்டும். உங்கள் பிள்ளைகளிடம் இப்போது அது இல்லை.

இன்னொன்று 2.23. முன்பு தாய்லாந்துக் குடியுரிமை வைத்திருந்தவர்கள், அல்லது அப்பாவோ அம்மாவோ தாய்லாந்துக்காரராக உள்ளவர்கள், உறவினரைப் பார்க்கவோ பூர்வீக ஊருக்குத் திரும்பவோ வந்திருந்தால் தங்கலை ஓராண்டு வரை நீட்டிக்கலாம் என்கிறது. நான்-இமிக்ரன்ட் விசா தேவையில்லை, விசா இல்லாமல் நுழைந்த முத்திரையின் மேலேயே நீட்டிப்புக் கிடைக்கும். வயது வரம்பு கிடையாது. வங்கிக் கணக்கில் பணம் காட்டவேண்டியதும் இல்லை. தாய்லாந்து மனைவியை வைத்து நீட்டிப்புக் கேட்கும் கணவர்கள் காட்டவேண்டிய 4,00,000 பாட் வைப்பு அல்லது மாதம் 40,000 பாட் வருமானம் என்பதைக் கேள்விப்பட்டு, பிள்ளைகளுக்கும் அப்படித்தானோ என்று பலர் பயப்படுகிறார்கள். பிள்ளைகளுக்கு அந்த நிபந்தனை இல்லை. ஒரு பிள்ளைக்கு 1,900 பாட் கட்டணம், அவ்வளவுதான்.

ஆகவே நீங்கள் கேட்கவேண்டியது 2.23. கவுன்ட்டரில் போய் "விசா நீட்டிக்கணும்" என்று பொதுவாகச் சொன்னால் சுற்றுலாப் பயணிக்கான 30 நாள் நீட்டிப்புப் படிவத்தைக் கையில் கொடுத்துவிடுவார்கள். "அம்மா தாய்லாந்துக்காரர், அந்தப் பிரிவில் ஓராண்டு வேண்டும்" என்று உங்கள் மனைவியே தாய்லாந்து மொழியில் சொல்லட்டும். அவர் நேரில் வந்தே ஆகவேண்டும். பிள்ளைகளும் கூட வரட்டும்.

பாங்காக்கில் வசிப்பவர்களுக்கு செங் வத்தனா சாலையில் உள்ள அரசு வளாகத்து அலுவலகம்தான். மனைவியின் பெயர் உடோன் தானி வீட்டுப் பதிவேட்டில் இருந்தாலும் விண்ணப்பம் நீங்கள் இப்போது குடியிருக்கும் இடத்து அலுவலகத்தில்தான் போகும். முத்திரை முடிய மூன்று வாரம் இருக்கும்போதே முதல் தடவை போய்விடுங்கள். 60 நாள் என்பதையும் மனக்கணக்காக வைத்துக்கொள்ளாதீர்கள். இந்தியர்களுக்கு அதை 60 ஆக்கியது 2024 ஜூலையில்தான், அதற்கு முன் 30. இப்படி மாறிக்கொண்டே இருக்கும் விஷயம் அது. பாஸ்போர்ட்டில் குத்தியிருக்கும் தேதி எதுவோ அதுதான் கணக்கு.

கொண்டுபோகவேண்டியவை: நீட்டிப்பு விண்ணப்பமான டி.எம்.7 படிவம், 4 சென்டிமீட்டருக்கு 6 அளவில் புகைப்படம், பிள்ளையின் பாஸ்போர்ட்டும் நகல்களும், பிறப்புச் சான்றிதழும் அதன் தாய்லாந்து மொழிபெயர்ப்பும், மனைவியின் தேசிய அடையாள அட்டை, தபியன் பான் என்கிற வீட்டுப் பதிவேடு, திருமணச் சான்று, இப்போதைய முகவரிக்கான டி.எம்.30 ரசீது, வீட்டுக்கு வழி காட்டும் வரைபடம். டி.எம்.30 என்பது வெளிநாட்டவர் வந்து தங்கியதை 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் தெரிவிப்பது. அபார்ட்மென்ட் உரிமையாளர் அதைச் செய்யாமலே விட்டிருந்தால் கவுன்ட்டரில் முதல் முட்டுக்கட்டை அதுதான். இன்றே கேட்டுவிடுங்கள்.

பட்டியலில் எல்லாம் இருந்தும் திருப்பி அனுப்பப்படும் விண்ணப்பங்களில் பெரும்பாலும் கோளாறு ஒரே இடத்தில்தான் இருக்கும்: பிறப்புச் சான்றிதழ். அதிகாரி பார்ப்பது ஒன்றே ஒன்று. இந்தப் பாஸ்போர்ட்டில் இருக்கும் பிள்ளையும் இந்த அடையாள அட்டையில் இருக்கும் பெண்ணும் மகன், அம்மா என்பதற்குக் காகிதத்தில் சங்கிலி அறுபடாமல் இருக்கிறதா? நம் ஊர்க் காகிதங்களில் அந்தச் சங்கிலி எளிதாக அறும். எங்கே எங்கே என்று சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் பிறப்பைப் பதிந்த கையோடு வாங்கிய சான்றிதழில் பல நேரம் குழந்தையின் பெயரே இருக்காது. பெயர் வைக்குமுன் ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போயிருக்கும், பெயர்ப் பத்தி காலியாக இருக்கும். பிறகு பெயரைச் சேர்த்துப் புதிய சான்றிதழ் வாங்காமலே பழையதை வீட்டுப் பீரோவில் வைத்திருப்போம். அதைக் கொண்டுவந்து நீட்டினால் இங்கே யாரும் ஏற்கமாட்டார்கள். பெயர் சேர்த்த சான்றிதழ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அடுத்தது இனிஷியல். சான்றிதழில் "கவின்" என்று மட்டும் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயர் இடத்தில் ஏறி "கவின் செந்தில்குமார்" ஆகியிருக்கும், பள்ளிச் சான்றில் "செ. கவின்". தாய்லாந்தில் எல்லாருக்கும் குடும்பப் பெயர் சட்டப்படி உண்டு. அந்தப் பழக்கத்தில் இருக்கும் அதிகாரிக்கு இது மூன்று தனித்தனிப் பிள்ளைகளாகத் தெரிவதில் ஆச்சரியமில்லை. பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் பெற்றோர் பெயர் அச்சாகியிருந்தால் அந்தப் பக்கத்தையும் நகல் எடுத்து இணையுங்கள். பேச்சில் விளக்குவதைவிட அது நன்றாக வேலை செய்யும்.

மூன்றாவது, எனக்குத் தெரிந்தவரை மிக அதிகமாகச் சிக்கல் தருவது, அம்மாவின் பெயர். தாய்லாந்துப் பெயர்கள் நீளமானவை. கோவையில் தட்டச்சு செய்தவர் ஓர் எழுத்தை விட்டிருப்பார். அல்லது நம் வழக்கப்படி கணவன் பெயரைச் சேர்த்து எழுதியிருப்பார், ஆனால் அம்மாவின் தாய்லாந்து அட்டையில் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர்தான் இன்னும் இருக்கும். தாய்லாந்துக்காரர்கள் சோதிடர் சொல்லியோ வேறு காரணத்துக்காகவோ சொந்தப் பெயரையே மாற்றிக்கொள்வதும் சர்வ சாதாரணம். பிள்ளை பிறந்தபின் உங்கள் மனைவி பெயரோ குடும்பப் பெயரோ மாற்றியிருந்தால் மாவட்ட அலுவலகமான அம்போவில் கொடுத்த பெயர் மாற்றச் சான்றின் அசல் கட்டாயம் வேண்டும். எழுத்துப்பிழை என்றால் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969இன் 15ஆம் பிரிவின்படி கோவை மாநகராட்சிப் பதிவாளரிடம் திருத்தம் கேட்கலாம். அதற்கு அங்கே ஒருவர் அலையவேண்டியிருக்கும். ஊரில் அண்ணனோ மச்சானோ இருந்தால் இப்போதே சொல்லிவைத்துவிடுங்கள்.

சான்றிதழ் சரியாக இருந்தாலும் வெறும் காகிதமாக அது செல்லாது. இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் அத்தாட்சியும் அதன்மேல் தாய்லாந்துத் தூதரக முத்திரையும் வேண்டும். அப்போஸ்டில் (வெளிநாட்டில் காட்டுவதற்கான அத்தாட்சி ஒட்டு) ஒட்டியாகிவிட்டது, போதும் என்று நின்றுவிடாதீர்கள். சென்னையில் தாய்லாந்துத் துணைத் தூதரகம் இருப்பது உங்களுக்கு வசதி. அதன்பின் இங்கே தாய்லாந்து மொழியில் பெயர்த்து, வெளியுறவு அமைச்சகத்தின் தூதரக விவகாரத் துறையில் சரிபார்ப்பு வாங்கவேண்டும். அந்த அலுவலகமும் செங் வத்தனாவில்தான். மொழிபெயர்ப்பாளர் பிள்ளையின் பெயரைத் தாய்லாந்து எழுத்தில் எப்படி எழுதுகிறார் என்று மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பாருங்கள். இன்று அவர் எழுதும் எழுத்துக்கூட்டல்தான் நாளை பள்ளியிலும் ஆஸ்பத்திரியிலும் வீட்டுப் பதிவேட்டிலும் ஏறும். எல்லாக் காகிதத்துக்கும் ஒரே எழுத்துக்கூட்டலைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நிலையில் இல்லாத வேறொரு வாசகருக்காக ஒரு வார்த்தை. தாய்லாந்துக்காரர் அம்மாவாக இல்லாமல் அப்பாவாக இருந்து, திருமணமும் பதிவாகாமல் இருந்தால், பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் இருப்பது மட்டும் போதாது. தாய்லாந்துச் சிவில் சட்டத்தின் 1546, 1547ஆம் பிரிவுகள்படி பிள்ளை அம்மாவுக்கு மட்டுமே சட்டப்படியான பிள்ளை. பெற்றோர் பின்னர் திருமணத்தைப் பதிவது, அப்பா பிள்ளையைத் தன் பிள்ளையாகப் பதிவது, அல்லது நீதிமன்றத் தீர்ப்பு, இந்த மூன்றில் ஒன்று நடந்தால்தான் அப்பாவுக்கும் அந்த உறவு சட்டத்தில் நிற்கும்.

நீட்டிப்புக் கிடைத்தபின் கவனிக்கவேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாஸ்போர்ட் காலாவதியாகும் நாளைத் தாண்டி நீட்டிப்பு தரமாட்டார்கள். இந்தியச் சிறுவர் பாஸ்போர்ட் பொதுவாக 5 ஆண்டுக்குத்தான். ஏழு மாதம்தான் பாக்கி இருக்கிறது என்றால் அதே 1,900 பாட் கட்டி ஏழு மாதம்தான் கிடைக்கும். அந்த நிலை என்றால் முதலில் புதுப்பியுங்கள். அடுத்து, ரீ-என்ட்ரி பெர்மிட், அதாவது வெளியே போய்த் திரும்பி வருவதற்கான அனுமதி. தீபாவளிக்குக் கோவை போய்வர நினைத்து, அது இல்லாமல் விமானம் ஏறினால் ஓராண்டு நீட்டிப்பு அந்த நிமிடமே செத்துவிடும். ஒருமுறைக்கு 1,000 பாட், பலமுறைக்கு 3,800. 90 நாளுக்கு ஒருமுறை முகவரி தெரிவிக்கும் டி.எம்.47ஐப் பிள்ளைகளுக்கும் தனித்தனியே தாக்கல் செய்துவிடுங்கள். கெடு நாளுக்கு 15 நாள் முன்பிலிருந்து 7 நாள் பின்வரை செய்யலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றுக்கு வருகிறேன். இது தெரியாமல் வருடாவருடம் 1,900 கட்டிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் உண்டு.

உங்கள் பிள்ளைகள் தாய்லாந்துச் சட்டப்படி பிறப்பிலேயே தாய்லாந்துக் குடிமக்கள். 1965ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தில் ஆரம்பத்தில் அப்பாவுக்கு ஒரு நீதி, அம்மாவுக்கு ஒரு நீதி இருந்தது. தாய்லாந்து அப்பாவின் பிள்ளை எங்கே பிறந்தாலும் தாய்லாந்தவர். சட்டப்படியான வெளிநாட்டுக் கணவரோடு வாழ்ந்த தாய்லாந்துப் பெண்ணுக்கு வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு அந்த உரிமை இல்லை. 1992இல் வந்த திருத்தம் இதை நீக்கியது. அப்பா, அம்மா யார் தாய்லாந்தவராக இருந்தாலும், பிள்ளை உள்நாட்டில் பிறந்தாலும் வெளிநாட்டில் பிறந்தாலும் குடியுரிமை உண்டு. பதிவு செய்வது அந்த உரிமைக்குக் காகிதம் வாங்குவதுதான். காகிதம் இல்லாதவரை இமிக்ரேஷனுக்கு அவர்கள் இந்தியர்கள், அவ்வளவே.

காகிதம் வாங்கினால் என்ன கிடைக்கும்? நீட்டிப்பு, 90 நாள், ரீ-என்ட்ரி எல்லாமே போய்விடும். தாய்லாந்தவர்களுக்கான அரசு மருத்துவத் திட்டத்தில் சேரலாம். பெரியவர்களானதும் ஒர்க் பெர்மிட் இல்லாமல் வேலை பார்க்கலாம். உடோன் தானியில் பாட்டி வீட்டு நிலம் நாளை அம்மாவுக்கு, அதன்பின் பிள்ளைகளுக்கு என்று வரும்போது இது ரொம்பப் பெரிய விஷயம். வெளிநாட்டவர் தாய்லாந்தில் நிலம் வைத்துக்கொள்ளச் சட்டம் பொதுவாக விடுவதில்லை. வாரிசாக வந்தாலும் குறிப்பிட்ட காலத்துக்குள் விற்கும் நிலைதான் வரும்.

விலையும் இருக்கிறது. மகன் தாய்லாந்தவராகப் பதிவானால் 18ஆம் வயது வருடத்தில் ராணுவப் பட்டியலில் பெயர் கொடுக்கவேண்டும், 21 ஆகும் வருடம் ஏப்ரலில் நடக்கும் சீட்டெடுப்புக்குப் போகவேண்டும். சிவப்புச் சீட்டு வந்தால் இரண்டு ஆண்டு வரை சேவை, கறுப்பு வந்தால் விடுதலை. பள்ளியில் மூன்றாண்டு ரோர் தோர் என்ற ராணுவப் பயிற்சி முடித்தவர்களுக்கு அந்தச் சீட்டெடுப்பு இல்லை. பையனுக்கு இப்போது 11தான், யோசிக்க நேரம் இருக்கிறது.

அதைவிடக் கனமான விலை இந்தியப் பக்கம். பிரிட்டன், ஆஸ்திரேலியாக் குடும்பங்கள் பிள்ளைகளுக்கு இரண்டு பாஸ்போர்ட்டும் வைத்திருப்பதைப் பார்த்து நாமும் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கவேண்டாம். தாய்லாந்து பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. தாய்லாந்துப் பாஸ்போர்ட்டை எடுத்துவிட்டு இந்தியப் பாஸ்போர்ட்டையும் சத்தமில்லாமல் வைத்திருப்பது, அடுத்த புதுப்பித்தலில் உண்மையை மறைத்துக் கையெழுத்துப் போடும் இடத்துக்கு உங்களைக் கொண்டுபோகும். பாங்காக்கின் சீலோம் மாரியம்மன் கோயிலில் நவராத்திரிக்குக் கூடும்போது, "எல்லாரும் அப்படித்தான் வச்சிருக்காங்க" என்று யாராவது சொல்வார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டுப் பிள்ளைகளின் குடியுரிமையைப் பணயம் வைக்காதீர்கள். நேர்வழி ஒன்று இருக்கிறது. தாய்லாந்துக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தால் இந்தியப் பாஸ்போர்ட்டை முறையாக ஒப்படைத்துவிட்டு, பிள்ளைகளுக்கு ஓ.சி.ஐ. (வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்) அட்டை எடுக்கலாம். பெற்றோரில் ஒருவர் இந்தியக் குடிமகனாக இருந்தால் சிறுவர்களுக்கு அது உண்டு. அவர்கள் இந்தியாவில் வாக்களிக்க முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. வந்துபோக, தங்க, படிக்கத் தடையில்லை. முடிவெடுக்குமுன் இந்தியக் குடியுரிமைச் சட்டம் தெரிந்த ஒரு வழக்கறிஞரிடம் உங்கள் காகிதங்களை நேரில் காட்டிக் கேளுங்கள்.

என் கருத்தைக் கேட்டால்: இரண்டு மூன்று ஆண்டு வேலை, பிறகு கோவை என்றால் இந்தியப் பாஸ்போர்ட்டிலேயே இருங்கள், 2.23 போதும். பிள்ளைகள் இங்கேயே வளர்ந்து இங்கேயே வாழப்போகிறார்கள் என்றால் வெளிநாட்டவராகவே அவர்களை வளர்ப்பது சரியல்ல. விடுமுறையில் ஊருக்குப் போகும்போது மனைவியும் கூடவந்து சென்னைத் துணைத் தூதரகத்தில் தாய்லாந்துப் பிறப்புப் பதிவைச் செய்து, தாய்லாந்துப் பாஸ்போர்ட் எடுத்து, அதிலேயே நாட்டுக்குள் நுழைந்து, பின் அம்போவில் பாட்டியின் வீட்டுப் பதிவேட்டில் பெயர் சேர்க்கும் வரிசைதான் சுலபம். இந்தியப் பாஸ்போர்ட்டில் நுழைந்துவிட்டு அம்போவில் போய்ப் பதிவு கேட்டால், "தாய்லாந்துப் பாஸ்போர்ட்டில் வந்து கேளுங்கள்" என்று திருப்பி அனுப்பக்கூடும். பதியாமல் இருப்பதால் அந்த உரிமை காலாவதியாகாது. ஆனால் பாட்டி, தாத்தா, சாட்சி சொல்லக்கூடிய கிராமத் தலைவர் எல்லாரும் இருக்கும்போது செய்வது வேறு, இருபது ஆண்டு கழித்துச் செய்வது வேறு.

இது சம்பந்தமாகவே கவுன்ட்டரில் ஒரு இடைஞ்சல் வரலாம். "அம்மா தாய்லாந்துக்காரர்தானே, பிள்ளைக்குத் தாய்லாந்துப் பாஸ்போர்ட் எடுங்கள், நீட்டிப்பு எதற்கு?" என்று சில அதிகாரிகள் கேட்பார்கள். சண்டை பிடிக்காதீர்கள். பிள்ளைகள் இந்தியப் பாஸ்போர்ட்டில் நுழைந்திருக்கிறார்கள், குடியுரிமைப் பதிவு பற்றிக் குடும்பம் இன்னும் முடிவு செய்யவில்லை, அதுவரை 2.23இல் தங்க அனுமதி கேட்கிறோம் என்று மனைவி பணிவாகச் சொன்னால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். அப்படியும் மறுத்தால் மேற்பார்வை அதிகாரியைப் பார்க்கக் கேளுங்கள். இல்லையென்றால் டி.எம்.87 படிவத்தில் 2,000 பாட் கட்டி நான்-இமிக்ரன்ட் 'ஓ' விசாவாக மாற்றக் கேட்டு, 90 நாள் வாங்கி, அதன்மேல் 2.18இல் ஓராண்டு கேட்கலாம். அதற்கு முத்திரையில் நாட்கள் மிச்சம் இருக்கவேண்டும், அதனால்தான் மூன்று வாரம் முன்பே போகச் சொன்னேன்.

பிறப்புச் சான்றிதழ்த் திருத்தம் கோவையிலிருந்து வந்து சேரவில்லை, முத்திரை முடியப்போகிறது என்ற நெருக்கடி வந்தால், சுற்றுலாவுக்கான 30 நாள் நீட்டிப்பை முதலில் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கும் தலைக்கு 1,900 பாட் போகும். ஆனால் கெடு தாண்டித் தங்கியதைக் காட்டும் ஓவர்ஸ்டே என்ற முத்திரை பிள்ளைகளின் பாஸ்போர்ட்டில் ஏறாமல் ஒரு மாத அவகாசம் கிடைக்கும். திருத்திய சான்றிதழ் கைக்கு வந்ததும் அதே கவுன்ட்டருக்குப் போய் 2.23ஐக் கேளுங்கள்.